வாசகர் கேள்வி – பதில்: சபைகளின் ஆட்சி ஒருவர் ஆட்சியானது எப்படி?

சென்ற இதழில் 1917 ரஷ்யப் புரட்சி பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. சொல்லிவைத்தாற்போல எல்லாவற்றிலும் ஒரே கவலை: உழைப்பவர் பெயரால் வந்த ஆட்சி உழைப்பவர் வாயையே கட்டியது ஏன்? இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். தேதிகள் அனைத்தும் இன்றைய காலண்டர்படி. ரஷ்யா 1918 பிப்ரவரி வரை 13 நாள் பின்தங்கிய பழைய காலண்டரை வைத்திருந்தது. நவம்பர் 7-ல் நடந்ததை ‘அக்டோபர் புரட்சி’ என்று அழைப்பது அதனால்தான்.

கேள்வி: ‘சோவியத்’ என்றால் தொழிலாளர், படைவீரர், விவசாயிகள் தேர்ந்தெடுத்த சபை என்று படித்தேன். சபைகளிடம் இருந்த அதிகாரம் ஒரு கட்சியிடம் போனது எந்த நாளில்?
– கல்லூரி மாணவி, தர்மபுரி

ஒரு நாளைக் குறித்துக் காட்ட முடியாது. ஆனால் எட்டே மாதங்களில் முடிந்துவிட்டது. வரிசையாகப் பாருங்கள்.

1917 நவம்பர் 9, ஆட்சியைப் பிடித்த மூன்றாம் நாள்: எதிர்ப்புப் பத்திரிகைகளை மூடும் ஆணை. இது தற்காலிகம், நிலைமை சீரானதும் நீக்கப்படும் என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. தணிக்கை சட்டப்படி ஒழிந்தது 1990-ல்.

டிசம்பர் 20: ஜெர்ஜின்ஸ்கி தலைமையில் ‘செக்கா’ என்ற ரகசியப் போலீஸ். முதலில் விசாரிக்க மட்டும்தான் அதற்கு அதிகாரம். சில மாதங்களில் நீதிமன்றமே இல்லாமல் சுட்டுக்கொல்லும் அதிகாரமும் அதன் கைக்கு வந்தது.

இதற்கு நடுவே, நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் தொடங்கியது. பெண்களுக்கும் வாக்குரிமை இருந்தது. 4 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். கிராமங்களில் வேர்விட்டிருந்த சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சி முதலிடம் பெற்றது. ஆட்சியைப் பிடித்திருந்த லெனினின் கட்சியான போல்ஷ்விக்குகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்கு. அப்போதைய தலைநகர் பெத்ரோகிராடிலும் மாஸ்கோவிலும் அவர்கள் முன்னணியில் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்களுக்கு ஆதரவே இல்லை என்று சொல்வது பொய். 1918 ஜனவரி 18-ல் சபை கூடியது. விடிய விடியப் பேசினார்கள். விடியற்காலையில் காவலுக்கு இருந்த மாலுமி ஒருவர் வந்து, காவலர்கள் களைத்துவிட்டார்கள், கலைந்து போங்கள் என்றார். மறுநாள் கதவு திறக்கவில்லை.

சோவியத்துகளாவது மிஞ்சினவா? 1918 வசந்தத்தில் பல மாகாண நகரங்களின் சோவியத் தேர்தல்களில், போல்ஷ்விக்குகளிடமிருந்து முன்பே பிரிந்து நின்ற சோஷலிஸ்டுகளான மென்ஷ்விக்குகளும் சோஷலிஸ்ட் புரட்சியாளர்களும் ஜெயித்தார்கள். அப்படி ஜெயித்த சோவியத்துகள் பல கலைக்கப்பட்டன. ஜூன் 14-ல் அந்த இரு கட்சிகளையும் சோவியத்துகளின் மத்திய நிர்வாகக் குழுவிலிருந்தே வெளியேற்றினார்கள். ஜூலையில் வந்த அரசியல் சட்டம் நகரத்தில் 25,000 வாக்காளருக்கு ஒரு பிரதிநிதி, கிராமத்தில் 1,25,000 மக்களுக்கு ஒரு பிரதிநிதி என்றது. அதே ஜூலையில், கடைசிக் கூட்டாளியான இடது சோஷலிஸ்ட் புரட்சியாளர்கள் ஜெர்மன் தூதரைக் கொன்று கலகத்தில் இறங்கி நசுக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு சபை கூடினாலும் எதிரே உட்கார ஆள் இல்லை. இத்தனையும் நடந்து முடிந்தபோது ஸ்டாலின் பல ஆணையர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

கேள்வி: நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் பேசக் கூடாது. பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான், அமெரிக்கா எல்லாம் படை அனுப்பின. போல்ஷ்விக்குகளை எதிர்த்த வெள்ளைப் படைகளும் கொன்று குவித்தன. முற்றுகைக்குள் இருந்தவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊத்தங்கரை

ஐயா, நீங்கள் சொல்வது அத்தனையும் நடந்ததுதான். வெள்ளைப் படைகள் பிடித்த ஊர்களில் தூக்குமரங்கள் நின்றன; உக்ரைனில் யூதர்களைக் கும்பல் கும்பலாகக் கொன்றார்கள். 1917-ல் 20 லட்சத்துக்கு மேல் இருந்த பெத்ரோகிராடின் மக்கள்தொகை 1920-ல் சுமார் 7 லட்சமாகச் சுருங்கியது. ஊரில் ரொட்டி இல்லை. புரட்சியைச் செய்த தொழிலாளர்களில் பலர் போர்முனைக்கும் இன்னும் பலர் பிறந்த கிராமத்துக்கும் போய்விட்டார்கள். சபைகள் வெறுமையானதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரிகைகளை மூடியதும் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்ததும் பெரும்போர் மூளுவதற்கு முன். செக் படைப்பிரிவின் கலகத்தோடு உள்நாட்டுப் போர் பெரிதானது 1918 மே மாதத்தில்தான். மறுமுனையையும் பாருங்கள். கடைசி வெள்ளைத் தளபதி ராங்கெல் கிரிமியாவிலிருந்து கப்பலேறியது 1920 நவம்பரில். கட்சிக்குள்ளேயே மாற்றுக் குழுக்கள் கூடாது என்று 10-வது கட்சி மாநாடு தடை போட்டது 1921 மார்ச்சில். போர் ஜெயித்து நான்கு மாதம் ஆன பிறகு! போர் பல கொடுமைகளை விளக்கும். முதல் பூட்டையும் கடைசிப் பூட்டையும் அது விளக்காது.

கேள்வி: எங்கள் பக்கம் ராகியும் சோளமும்தான். விதைக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவோம். உழுபவனுக்கு நிலம் கொடுத்த ஆட்சியோடு ரஷ்ய விவசாயிக்கு என்ன தகராறு?
– விவசாயி, பாப்பிரெட்டிப்பட்டி

நிலத்தில் தகராறு இல்லை, தானியத்தில்தான். 1917 நவம்பர் 8-ன் நில ஆணை ஜமீன் நிலங்களை விவசாயிகளிடம் விட்டது. அதை அவர்கள் மனதார ஏற்றார்கள். உள்நாட்டுப் போரில் போல்ஷ்விக்குகளின் படையான செஞ்சேனை ஜெயித்ததற்கும் அதுவே பெரிய காரணம்.

தகராறு 1918-ல் தொடங்கியது. நகரத்துக்கும் படைக்கும் உணவு வேண்டும். விலை கொடுத்து வாங்க அரசிடம் துணி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஆணிகூட இல்லை. அச்சடித்த நோட்டுக்கு மதிப்பும் இல்லை. அதனால் ஆயுதக் குழுக்களைக் கிராமத்துக்கு அனுப்பித் தானியத்தை எடுத்தார்கள். கணக்கு மேலிருந்து வந்தது: நாட்டுக்கு இவ்வளவு, மாகாணத்துக்கு இவ்வளவு, கிராமத்துக்கு இவ்வளவு. விளைச்சல் எவ்வளவு என்று பார்த்துப் போட்ட கணக்கல்ல, தேவையைப் பார்த்துப் போட்டது. கணக்கு நிரம்பாத இடத்தில் விதைத் தானியத்திலும் கைவைத்தார்கள். உபரி எல்லாம் போய்விடும் என்றால் உபரி விளைவிப்பானேன்? விதைப்புப் பரப்பு சுருங்கியது. 1921-ல் வோல்கா பக்கம் மழையும் பொய்த்தது. ஏறத்தாழ 50 லட்சம் பேர் இறந்தார்கள். தாம்போவ் மாகாணத்தில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, குடும்பங்களைப் பணயமாகப் பிடித்து அடக்கினார்கள்.

1921 மார்ச்சில் லெனின் பின்வாங்கினார். பறிமுதலுக்குப் பதில் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட தானிய வரி. மிச்சத்தைச் சந்தையில் விற்கலாம். நான்கைந்து ஆண்டுகளில் கிராமம் தலைநிமிர்ந்தது. இந்த இடத்தில்தான் எங்களுக்கு மனம் ஆறுவதில்லை. சந்தையைத் திறந்தவர்கள் சபையைத் திறக்கவில்லை. விவசாயி விலை பேசலாம், வாக்கால் பேச முடியாது. அதனால் 1929 கடைசியில் ஸ்டாலின் கூட்டுப்பண்ணைக்குள் எல்லோரையும் தள்ளியபோது தடுக்க அவனிடம் எந்தக் கருவியும் இல்லை.

நடந்த விதம் இது. ஓரளவு வசதியானவனுக்கு ‘குலாக்’ என்று பெயர் சூட்டினார்கள். 1930, 31 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் 18 லட்சம் பேரைக் குடும்பத்தோடு வடக்குக்கும் சைபீரியாவுக்கும் நாடு கடத்தினார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் பயந்து சேர்ந்தார்கள். பண்ணைக்குக் கொடுப்பதைவிட வெட்டிவிடலாம் என்று மாட்டையும் குதிரையையும் அறுத்தார்கள். நான்கைந்து ஆண்டுகளில் குதிரை எண்ணிக்கை பாதியானது. உழவு மாடாக அவர்களுக்கு இருந்தது குதிரைதான். டிராக்டர் போதுமான அளவு வரவில்லை. விளைச்சல் விழுந்தது, கொள்முதல் கணக்கு மட்டும் இறங்கவில்லை. 1931-ல் 50 லட்சம் டன் தானியம் ஏற்றுமதியானது. 1932 ஆகஸ்ட் 7 சட்டப்படி, கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கினாலும் மரண தண்டனை. சலுகை காட்டினால் 10 ஆண்டுச் சிறை. 1933 ஜனவரியில், பசித்தவர்கள் உக்ரைனையும் தெற்கு ரஷ்யாவின் குபான் பகுதியையும் விட்டு வெளியேறாதபடி ரயில் நிலையங்களில் தடுக்க உத்தரவு போனது. பசி சாவாக மாறியதில் அந்த உத்தரவுக்கும் பங்கு உண்டு.

கேள்வி: தொழிற்சங்கம் இருந்ததே, அது எங்கே போனது?
– தொழிற்சாலைத் தொழிலாளி, ஓசூர்

1917 நவம்பரில் தொழிலாளர் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கணக்கு வழக்கைப் பார்க்கவும் நிர்வாகத்தைக் கண்காணிக்கவும் ஆலைக் குழுக்களுக்கு உரிமை. ஒன்றிரண்டு ஆண்டுகளில் அந்தக் குழுக்கள் சங்கத்துக்குள்ளும் சங்கம் அரசுக்குள்ளும் கரைந்தன. ஆலையை ஒரே நிர்வாகி நடத்தும் முறை வந்தது. 1920-ல் உற்பத்தியைச் சங்கங்களே நடத்த வேண்டும் என்று ஷ்லியாப்னிகோவும் கொலந்தாயும் ‘தொழிலாளர் எதிரணி’ அமைத்தார்கள். ஷ்லியாப்னிகோவ் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர், பழைய போல்ஷ்விக். அடுத்த ஆண்டு வந்த குழுத் தடை முதலில் விழுந்தது அவர்கள் மீதுதான்.

அந்த மார்ச்சில், பெத்ரோகிராடை அடுத்த தீவுக் கோட்டையான குரோன்ஸ்டாட்டின் மாலுமிகள் எழுந்ததும் பெத்ரோகிராட் ஆலை வேலைநிறுத்தங்களின் தொடர்ச்சியாகத்தான். அவர்களது 15 கோரிக்கைகளில் முதலாவது: ரகசிய வாக்கெடுப்பில் சோவியத்துகளுக்கு மறுதேர்தல். முதலாளித்துவத்தை அவர்கள் கேட்கவில்லை. கடல் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. உருகிவிட்டால் காலாட்படை தீவை நெருங்க முடியாது என்பதால் பேச்சுவார்த்தைக்குக் காத்திராமல் செஞ்சேனைத் தளபதி துகாச்செவ்ஸ்கியின் படை பனி மேல் நடந்து தாக்கியது. மார்ச் 18-ல் கோட்டை விழுந்தது.

இது எங்கே போய் முடிந்தது என்பதை ஓசூரில் ஷிப்ட் பார்ப்பவருக்குச் சொன்னால் உடனே புரியும். 1939-லிருந்து 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தால் வேலைக்கு வராததற்குச் சமம். 1940 ஜூன் 26 ஆணைக்குப் பின் அது குற்றம்: ஆறு மாதம் வரை சம்பளத்தில் கால் பங்கு வரை பிடித்தம். அனுமதி இல்லாமல் வேலையை விட்டால் இரண்டு முதல் நான்கு மாதம் சிறை. சங்கம் இருந்தது, விடுமுறை விடுதிச் சீட்டு கொடுக்கும் அலுவலகமாக இருந்தது.

கேள்வி: டிராட்ஸ்கி செஞ்சேனையை உருவாக்கியவர், பெரிய பேச்சாளர். ஸ்டாலினுக்கு இரண்டும் இல்லை. அப்படி இருந்தும் ஜெயித்தது எப்படி? எங்கள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் பட்டியலை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவரே ஜெயிப்பார் என்பார்கள். அதுபோலவா?
– வாசகர், பாலக்கோடு

ஏறக்குறைய அதேதான். உங்கள் சங்கத்துப் பட்டியல் அகில ரஷ்ய அளவில் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம்.

1922 ஏப்ரல் 3-ல் ஸ்டாலின் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். அப்போது அதை ஒரு கோப்புப் பதவியாகத்தான் மற்றவர்கள் நினைத்தார்கள். செயலகத்துக்குள் பதிவு – பணி ஒதுக்கீட்டுத் துறை என்று ஒன்று இருந்தது. எந்த மாகாணத்துக்கு யார் செயலாளர், யாரை எங்கே மாற்றுவது என்று ஆண்டுக்குப் பல ஆயிரம் நியமனங்களை அது பார்த்தது. 1923 முதல், மேலிடத்தின் ஒப்புதல் இல்லாமல் நிரப்பக் கூடாத பதவிகளுக்குத் தனிப் பட்டியலே போட்டார்கள்.

இப்போது சுற்றைக் கவனியுங்கள். செயலகம் மாகாணச் செயலாளரை அனுப்புகிறது. அவர் உள்ளூர்க் கூட்டம் நடத்தி மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்கிறார். அந்தப் பிரதிநிதிகள் மாநாட்டில் மத்தியக் குழுவைத் தேர்கிறார்கள். அந்த மத்தியக் குழு பொதுச் செயலாளரைத் தேர்கிறது. ஒவ்வொரு படியிலும் தேர்தல் உண்டு. ஆனால் சுற்று முழுவதும் ஒரே மேசையில் தொடங்கி அதே மேசையில் முடிகிறது. மத்தியக் குழுவில் 1922-ல் 27 பேர், 1923-ல் 40, 1925-ல் 63. புதிதாக வந்தவர்களில் மிகப் பலர் அவரால் வளர்ந்தவர்கள். வேதனை என்னவென்றால், பிளவைத் தடுக்க மத்தியக் குழுவைப் பெரிதாக்குங்கள் என்று நோய்ப் படுக்கையில் சொன்னவர் லெனினே. 1923 ஜனவரி 4-ல் அவர் சொல்லி எழுதவைத்த பின்குறிப்பு ஸ்டாலினை அந்தப் பதவியிலிருந்து மாற்றும்படி கேட்டது. 1924 மே மாதம் அது பிரதிநிதிகளுக்குக் குழு குழுவாக வாசித்துக் காட்டப்பட்டது, அச்சிடப்படவில்லை. மாற்ற வேண்டாம் என்று வாதாடியவர்கள் கட்சியின் மூத்த தலைவர்களான ஸினோவியேவும் காமெனெவும்.

டிராட்ஸ்கி 1923-ல் கட்சி ஜனநாயகம் கேட்டபோது, 1921 குழுத் தடையைக் காட்டி வாயை அடைத்தார்கள். அந்தத் தடையை அவரும் ஆதரித்திருந்தார். இரண்டு ஆண்டு கழித்து ஸினோவியேவும் காமெனெவும் எதிரணிக்குப் போனபோது அதே தடை அவர்கள் மேல் விழுந்தது. 1929-ல் இன்னொரு மூத்த தலைவரான புகாரின் மேல். பொதுமக்களிடம் முறையிடப் பத்திரிகை இல்லை. வேறு கட்சி இல்லை. இருந்தவற்றை மூடிய ஆட்சியில் இவர்கள் எல்லோருக்கும் பங்கு இருந்தது. டிராட்ஸ்கியை 1929-ல் நாட்டைவிட்டு அனுப்பி 1940-ல் மெக்சிகோவில் கொன்றார்கள். ஸினோவியேவும் காமெனெவும் 1936-ல், புகாரின் 1938-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கேள்வி: லெனின் இன்னும் பத்து ஆண்டு இருந்திருந்தால்?
– வாசகி, பர்கூர்

1937-ன் கொலை அலை போல ஒன்று நடந்திருக்காது என்றே நம்புகிறோம். தோழர்களோடு வாதிட்டுத் தோற்கவும் பழகியவர் அவர். ஆனால் தேர்தலில் தோற்றால் இறங்கும் ஆட்சியாக மாறியிருக்கும் என்று காட்ட ஒரு ஆதாரமும் இல்லை. சிறையிலிருந்தபடியே 1918-ல் ஜெர்மனியின் சோஷலிஸ்ட் தலைவர் ரோசா லக்சம்பர்க் எச்சரித்தது ஸ்டாலினை அல்ல, லெனினையும் டிராட்ஸ்கியையும்தான்: பொதுத்தேர்தலும் பத்திரிகைச் சுதந்திரமும் இல்லாவிட்டால் கடைசியில் அதிகாரிகள் மட்டுமே மிஞ்சுவார்கள் என்று.

கேள்வி: பெரியார் 1932-ல் சோவியத் நாட்டில் சுற்றினார். பட்டினி அவர் கண்ணில் படவில்லையா?
– நூலக வாசகர், பென்னாகரம்

அவர் அங்கே இருந்தது அந்த ஆண்டின் முன்பகுதி. சாவு உச்சத்துக்குப் போனது 1932–33 குளிர்காலத்திலும் அடுத்த வசந்தத்திலும். அதற்குள் அவர் ஈரோடு திரும்பிவிட்டார். பயணிகள் பார்ப்பதும் ஆலை, பள்ளி, குழந்தைகள் காப்பகம். அவை பொய்யல்ல, எழுத்தறிவிலும் பெண்கள் வேலைக்கு வந்ததிலும் அந்த நாடு கண்ட மாற்றம் உண்மையானது. ஆனால் எந்த உள்ளூர்ப் பத்திரிகையும் பஞ்சம் என்ற சொல்லை அச்சிட முடியாத நாட்டில் விருந்தாளிக்கு யார் சொல்வார்? அதே ஆண்டு டிசம்பரில் உள்நாட்டு பாஸ்போர்ட், அதாவது ஊர் மாறிக் குடியேறத் தேவையான அடையாளச் சீட்டு, வந்தது. கூட்டுப்பண்ணை விவசாயிக்குப் பொதுவாக அது கிடையாது. அதைப் பெற அவன் 1974 ஆணை வரை காத்திருந்தான்.

கேள்வி: 1937-ல் ஆள் எண்ணிக்கை போட்டுக் கொன்றார்கள் என்பது எதிரிகளின் பிரசாரம் என்கிறார் நண்பர்.
– வாசகர், காவேரிப்பட்டணம்

அரசின் சொந்தக் காகிதத்தில் இருக்கிறது. 1937 ஜூலை 30 தேதியிட்ட 00447-ஆம் எண் உத்தரவு ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு எண்களைக் கொடுத்தது: சுட வேண்டியவர்கள் மொத்தம் 75,950, முகாமுக்கு அனுப்ப வேண்டியவர்கள் 1,93,000. ரகசியப் போலீஸ் அதிகாரி, கட்சிச் செயலாளர், அரசு வழக்கறிஞர் என மூவர் குழு தீர்ப்பு எழுதியது. குற்றம் சாட்டப்பட்டவர் முன்னே இருக்க மாட்டார். வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடு இல்லை. ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான பெயர்கள் போகும்.

எண்கள் நிற்காமல் ஏறியது ஏன் என்பதுதான் முக்கியம். கணக்கை எட்டாத அதிகாரி தானே சந்தேகத்துக்கு ஆளானார். எட்டியவர் கூடுதல் எண்ணிக்கைக்கு அனுமதி கேட்டுத் தந்தி அடித்தார். அடித்து வாங்கிய ஒவ்வொரு வாக்குமூலத்திலும் புதுப் பெயர்கள் வந்தன. கடைசியில் அந்த ஒரு உத்தரவின் கீழ் மட்டும் 3.8 லட்சம் பேருக்கு மேல் சுடப்பட்டார்கள். போலீஸ் தலைவர்கள் யகோடாவும் யெஷோவும்கூடத் தப்பவில்லை. 1934 கட்சி மாநாட்டின் 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் கைதானார்கள் என்று 1956-ல், ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைவரான குருஷேவே கட்சி மாநாட்டில் சொன்னார். உங்கள் நண்பரிடம் இரண்டு இந்தியர் பெயரையும் சொல்லுங்கள்: சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயா, 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அபனி முகர்ஜி. இருவரையும் 1937-ல் சுட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் கம்யூனிஸ்ட் ஆட்சி என்றாலே சர்வாதிகாரமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

இல்லை. கேரளத்தில் 1957-ல் வாக்குச்சீட்டால் வந்தார்கள். 1959-ல் ஆட்சியைக் கலைத்தது மத்திய அரசு. மேற்கு வங்கத்தில் 34 ஆண்டு இருந்து 2011-ல் தோற்று இறங்கினார்கள். அங்கே தேர்தல் ஆணையமும் உயர் நீதிமன்றமும் ராணுவமும் எதிர்க்கட்சிப் பத்திரிகையும் கட்சியின் கைக்குள் இல்லை. நாற்காலியில் இருப்பவரை இறக்கும் வழி கட்சிக்கு வெளியே இருந்தது. ரஷ்யாவில் அந்த வழியை முதல் எட்டு மாதத்திலேயே அடைத்துவிட்டார்கள்.

கேள்வி: கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிறேன். ஸ்டாலின் காலத்தில் இறந்தவர்கள் என்று ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு எண் சொல்கிறதே?
– மாணவர், அரூர்

ஒரே எண்ணாக எழுதாதீர்கள். எதை எண்ணினார்கள் என்று பார்த்துத் தனித்தனி வரியாக எழுதுங்கள். அரசியல் குற்றச்சாட்டில் 1937–38-ல் சுடப்பட்டோர் 6,81,692 என்பது ஆவணக் காப்பகக் கணக்கு. உழைப்பு முகாம்களில் நோயாலும் பசியாலும் இறந்தது வேறு வரி. பதிவானவரை 15 லட்சத்துக்கு மேல். 1930–33 பஞ்சச் சாவு மூன்றாம் வரி. அது காப்பகப் பதிவல்ல, மக்கள்தொகை மதிப்பீடு. ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறுபடும். 50 லட்சத்திலிருந்து 80 லட்சத்துக்கு மேல் வரை போகும். அதை சோவியத் நாடு முழுவதுக்குமான எண் என்று குறிப்பிட்டு, உக்ரைனுக்கு ஏறத்தாழ 35 முதல் 40 லட்சம், கசாக்ஸ்தானுக்குச் சுமார் 15 லட்சம் என்று பிரித்துக் காட்டுங்கள். கசாக்ஸ்தானைப் பல நூல்கள் விட்டுவிடும். மந்தை மேய்த்து வாழ்ந்த கசாக்கியரின் ஆடுமாடுகளைப் பறித்து ஓரிடத்தில் குடியமர்த்தியதில் அவர்கள் இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தது. விகிதத்தில் அதுவே எல்லாவற்றிலும் பெரிய இழப்பு.